பங்குனிக் குளிருக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்

வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், மலையகத் தோட்டங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

நான் நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தவள். இப்போதும் அம்மாவோடு அதே லயத்தில்தான் இருக்கிறேன். தோட்டத்துக்குக் கீழே இருக்கிற பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த மடலை எழுதக் காரணம் எட்டு நாள் குளிர்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று அம்மா சொல்வார். பங்குனிக்கு அவரிடம் பழமொழி இல்லை. பங்குனி பிறந்தால் கம்பளியை வெயிலில் உதறிக் காயவைத்து மடித்துப் பெட்டியில் வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறையும் அப்படித்தான் வைத்தோம். பாடசாலை புத்தாண்டு விடுமுறைக்கு மூட இரண்டு கிழமை இருக்கும்போது அதைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

வழக்கமாக எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் விடியும்போதே வெளிச்சமாக இருக்கும். பன்னிரண்டு மணி வரை நல்ல வெயில் அடிக்கும். பின்னேரம் இடி இடித்து ஒரு மழை பெய்யும், இரவு வானம் தெளிந்துவிடும். இரண்டு பருவக் காற்றுகளுக்கும் நடுவில் வருகிற இந்தக் காலத்தை நம்பித்தான் நுவரெலியாவில் வசந்தகால விழா, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம் சித்திரையில் வைக்கிறார்கள். இந்த முறை வடகிழக்குப் பக்கமிருந்து காற்று விடாமல் அடித்தது. முகில் மலை முகட்டிலிருந்து இறங்கி லயத்துக் கூரை வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. நாள் முழுக்கத் தூறல், இரவு முழுக்கத் தூறல். எட்டு நாள் சூரியனைக் காணவில்லை.

இரண்டாம் நாளே எனக்கு இது வழக்கமான குளிர் இல்லை என்று பட்டது. விஞ்ஞான அறையில் மூன்று வெப்பமானிகள் இருந்தன. ஒன்றைப் பாடசாலைத் தாழ்வாரத்திலும், ஒன்றைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு லயத்து இஸ்தோப்பிலும் (திண்ணையிலும்), இன்னொன்றைக் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கின் பிள்ளைக் காம்பராவுக்கு (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அறைக்கு) வெளியிலும் தொங்கவிட்டு, தரம் 9 பிள்ளைகளைக் கொண்டு காலை 6 மணிக்கும் பகல் 2 மணிக்கும் குறிக்க வைத்தேன். பாடசாலையில் பெரும்பாலும் காலை 9 பாகை, பகல் 12. மேல்கணக்கில் காலை 7, பகல் 10. பங்குனிப் பகலில் 20, 21 பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அந்த ஏழு நாளில் மேல்கணக்கு வெப்பமானி ஒரு தடவையாவது 12-ஐத் தாண்டவில்லை.

காலை 7 பாகை பெரிய விடயமா என்று நீங்கள் கேட்கலாம். தை மாதத்தில் நுவரெலியாவில் அதைவிடக் குறைவாகப் போகிறதே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் தைக் குளிருக்கும் இந்தக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் சொல்வது போல உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த மடல் முழுக்க அதில்தான் நிற்கிறது.

தையில் உறைபனி விழுகிற இரவு தெளிந்த இரவு. முகில் இல்லை, காற்று இல்லை. நிலத்தின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. புல்லிலும் உருளைக்கிழங்குச் செடியிலும் வெள்ளையாகப் படிகிறது. ஆனால் அதே தெளிந்த வானத்தில் காலை எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். மத்தியானம் சட்டையைக் கழற்றுகிற அளவுக்குச் சுடும். துணி காயும், விறகு காயும், கம்பளி காயும், உடம்பும் காயும். இரவு பட்ட குளிரைப் பகலில் ஆற்றிக்கொள்ளலாம்.

பங்குனியில் வந்தது ஈரக் குளிர். அதில் ஆற்றிக்கொள்ள நேரமே இல்லை. காலைக்கும் மத்தியானத்துக்கும் மூன்று பாகைதான் வித்தியாசம். அதோடு காற்று. நனைந்த துணி உடம்பில் ஒட்டியிருந்தால் சூடு வெகு சீக்கிரம் போய்விடும், ஏனென்றால் அசையாமல் நிற்கிற காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. அதற்கு உறைபனி விழ வேண்டியதில்லை. பத்துப் பாகையும், ஈரத் துணியும், காற்றும், வெறும் வயிறும் சேர்ந்தால் போதும்.

எங்கள் லயத்தில் நாலாவது காம்பராவில் ஒரு பிள்ளை பிறந்து 12 நாள் ஆகியிருந்தது. பிறந்தபோது நிறை 2 கிலோ 200 கிராம். ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளையின் அப்பாயி எங்கள் கதவைத் தட்டினார். "டீச்சர், புள்ள அழுவவே மாட்டேங்குது. பாலும் இழுக்கல. கால தொட்டுப் பாருங்களேன்" என்றார். தொட்டுப் பார்த்தேன். பீலித் தண்ணீரில் கிடந்த கல்லைத் தொட்டது போல இருந்தது.

பச்சைக் குழந்தை பெரியவர்களைப் போல நடுங்கிக் காட்டாது. சத்தம் குறைந்து, பால் குடிப்பது குறைந்து, அமைதியாகிவிடும். வீட்டில் உள்ளவர்கள் "நல்லாத் தூங்குது" என்று நினைத்திருக்கிறார்கள். சுற்றியிருந்த துணி மூன்று நாளாகக் காயாத துணி. அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் உலர்த்தியது, தொட்டால் இன்னும் ஈரம். அதை எடுத்துவிட்டு, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படும்படி வைத்து, மேலே சேலையும் கம்பளியும் சுற்றி, தலைக்கு என் தம்பியின் மப்ளரைக் கட்டினோம். தோட்டத்து வாகனத்தைக் கேட்டு ஆள் அனுப்பினோம். பொறுப்பில் இருந்தவர் "பனி விழுற நாளும் இல்லையே, அப்படி என்ன குளிர்? காலையில் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் கடைத்தெருவில் இருந்து ஓர் ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் அளந்தபோது 35-க்குக் கீழே இருந்தது என்று நர்ஸ் சொன்னார். வழியெல்லாம் தாயின் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார். பிள்ளை இப்போது சுகமாக இருக்கிறது. பாலுக்கு நன்றாகக் கத்துகிறது. அந்தச் சத்தம் காம்பராச் சுவரைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் வருகிறது.

அந்தப் பொறுப்பாளரை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் அதே மனிதர் நடுச்சாமத்தில் லொறியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அவர் கையில் ஒரு அறிவித்தல் இருந்திருந்தால் வாகனத்தை மறுத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். அந்த அறிவித்தலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஐயா, அம்மணி, ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரையில் நீங்கள் வெப்ப எச்சரிக்கை தருகிறீர்கள். வெப்பநிலையையும் காற்றில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, உடம்பு உணர்கிற வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டு, எந்தெந்த மாவட்டத்தில் அவதானமாக இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டுகிறீர்கள். வெளியில் வேலை செய்கிறவர்கள் நிழலில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள் என்று சொல்கிறீர்கள். மிக நல்ல வேலை. வயலில் நிற்கிற எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கும். அதே முறையைக் குளிருக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வெப்பநிலை, காற்று, ஈரம், இந்த மூன்றையும் சேர்த்து உடம்பு உணர்கிற குளிரைக் கணக்கிட முடியும். பகல் வெப்பநிலை இத்தனை நாளாக ஏறவில்லை என்பதையும் அதில் சேர்க்க முடியும். இப்போது எங்களுக்குக் கிடைப்பது தை, மாசியில் வருகிற "நுவரெலியா மாவட்டத்தில் அதிகாலையில் துகள் உறைபனி எதிர்பார்க்கப்படுகிறது" என்ற ஒரு வரி. அது வேண்டும், கட்டாயம் வேண்டும், மரக்கறித் தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பாத்தியை மூடுகிறார்கள். ஆனால் அந்த வரி உறைபனியைப் பற்றியது. ஈரக் குளிருக்கு எந்த வரியும் இல்லை.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். அனர்த்தம் என்றால் என்ன என்று விளக்கி, மண்சரிவு, சூறாவளி, வெள்ளம், வறட்சி என்று தொடங்கி, தீ, தொற்றுநோய், கரையோர அரிப்பு, மின்னல் என்று நீளமான ஒரு பட்டியல் இருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் வந்த சட்டம் அது. கடலையும் ஆற்றையும் நினைத்து எழுதியிருப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் குளிர் என்ற சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. மனிதரின் பாதுகாப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் ஆபத்தைத் தருகிற இயற்கை நிகழ்வு என்று அதே சட்டம் பொதுவாகவும் சொல்கிறது. அதற்குள் குளிரைக் கொண்டுவருவதற்குப் பெரிய மனத்தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

இலங்கையில் குளிர் கொல்லுமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2022 டிசம்பரில் மண்டூஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் போனபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. முதலில் என்ன நோய் என்று பயந்தார்கள். கடைசியில் மழையும் காற்றும் திடீர்க் குளிரும்தான் காரணம் என்று தெரிந்தது. அங்கே உறைபனி ஏதும் விழவில்லை. கடல் மட்டத்துப் பூமி. நனைந்தபடி காற்றில் நின்ற மாடுகளால் தாங்க முடியவில்லை. நாங்கள் அதே காற்றையும் மழையையும் கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரத்தில் வாங்குகிறோம்.

உயரம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்று பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது. பண்டாரவளை சுமார் 1,200-இல் இருக்கிறது, பதுளை 700-க்கும் கீழே. நீங்கள் தினமும் தருகிற பட்டியலில் இந்த ஊர்களின் வெப்பநிலை வருகிறது. ஆனால் தோட்டம் பட்டியலில் உள்ள ஊரில் இல்லை. நகரத்துக்கு மேலே இன்னும் இருநூறு மீட்டர் ஏறுகிற லயமும் இருக்கிறது, ஐந்நூறு மீட்டர் இறங்குகிற லயமும் இருக்கிறது. தெளிந்த தை இரவில் குளிர்காற்று வழிந்து பள்ளத்தில் தேங்கும், அங்கேதான் பனி விழும். ஈரக் குளிரில் நேர்மாறு. காற்று படுகிற மேட்டு லயத்துக்குத்தான் அடி. எங்கள் பிள்ளைகள் குறித்த கணக்கிலும் மேல்கணக்கு கீழே இருந்ததைவிட இரண்டு பாகை குறைவாகவே இருந்தது. அதனால் மாவட்டத்துக்கு ஒரே வரியாக எழுதாமல், "1,500 மீட்டருக்கு மேலே", "காற்று படுகிற முகடுகளில்" என்று உயரத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் சனத்துக்குத் தங்கள் லயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மீட்டரில் தெரியாமல் இருக்கலாம். ஆசிரியர்களும் கிராம உத்தியோகத்தர்களும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

இனி, தோட்டங்களை நடத்துகிறவர்களுக்கு.

அந்த எட்டு நாளும் பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) வழக்கமான நேரத்துக்கே நடந்தது. என் அண்ணி காலை ஐந்தே கால் மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கை (தடித்த துணியை) கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். முந்தின நாள் படங்கு காயவே இல்லை. ஈரப் படங்கு எவ்வளவு கனக்கும் என்று கட்டியவர்களுக்குத்தான் தெரியும். மலைக்குப் போய் அரை மணித்தியாலத்தில் விரல் மடங்கவில்லை என்றார். கொழுந்து கிள்ளுவது முழுக்க விரல் நுனி வேலை. விரல் விறைத்தால் இலையோடு முற்றின காம்பும் வரும், அதற்கும் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற இடத்தில்) ஏச்சு. எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு (ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு) 18 கிலோ. அன்றைக்கு அண்ணி 11 கிலோ எடுத்தார். இலையில் தண்ணீர் என்று இரண்டு கிலோ கழித்து 9 கிலோ போட்டார்கள். அரைப் பேர். அந்த எட்டு நாளில் ஐந்து நாள் அவருக்கு அரைப் பேர்தான்.

இதில் அண்ணியின் தவறு என்ன? தேயிலைச் செடியே சுமார் 12, 13 பாகைக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. பகல் முழுக்க 10 பாகையில் நின்ற மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? தலவாக்கலையில் உங்களுக்கு ஒரு தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே கேட்டாலே சொல்வார்கள். செடிக்குக் குளிர்கிறது என்பதை விஞ்ஞானம் ஒத்துக்கொள்கிறது. செடியைக் கிள்ளுகிற கைக்கும் குளிர்கிறது என்பதைச் செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவு) ஒத்துக்கொள்ள வேண்டும். ஈரக் குளிர் எச்சரிக்கை வந்த நாளில் கிலோவைக் குறையுங்கள், வேலைக்கு வந்தவர்களுக்கு முழுப் பேர் போடுங்கள். பெரட்டை ஒரு மணித்தியாலம் பிந்திப் போடுங்கள். மலையில் ஒரு தகரக் கொட்டிலும், அதில் ஒரு நெருப்பும், பத்து மணிக்கு ஒரு சூடான தேத்தண்ணியும் இருக்கட்டும். உலகம் முழுக்கத் தேயிலை அனுப்புகிற மலையில் இது கேட்கக்கூடாத ஒன்று இல்லை.

அம்மா தன் காலத்தில் தோட்டத்தில் கம்பளி கொடுத்ததைச் சொல்வார். தடித்த கறுப்புக் கம்பளி, தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டு மழையில் நின்று கொழுந்து எடுப்பார்களாம். நனைந்தாலும் கம்பளிக்குள் கொஞ்சம் சூடு நிற்கும். இப்போது எல்லாரும் பிளாஸ்டிக் தாள்தான் போடுகிறார்கள். அது மழையை ஓரளவு தடுக்கும், குளிரைத் தடுக்காது. உள்ளே வியர்த்து அதிலேயே நனைகிறார்கள். இதைத் தோட்டத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் நல்லது.

பிள்ளைக் காம்பராவைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் தோட்டத்தில் அங்கே வேலை செய்கிற அக்கா தங்கமானவர். ஆனால் சீமெந்துத் தரை, கண்ணாடி உடைந்த ஒரு ஜன்னல், இருபது பிள்ளைகள். அந்த நாட்களில் ஜன்னலுக்கு உரச் சாக்கை அடைத்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் நெருக்கி உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோழி குஞ்சை வைத்துக்கொள்வது போல. அந்த ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி போட எவ்வளவு ஆகும்?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம். ஊட்டக் குறைவால் உடம்பில் கொழுப்பும் குறைந்த பிள்ளைக்குச் சூட்டை வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. ஒரே குளிர், ஒரே லயம், ஆனால் மெலிந்த பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு. என் வகுப்பில் ஒரு பிள்ளை ஆறாம் நாள் காலை முதற்பாடத்தில் மேசையில் தலை வைத்துச் சாய்ந்துவிட்டாள். மூன்று மைல் தூறலில் நடந்து வந்தவள். வெள்ளைச் சீருடை முழுக்க நனைந்திருந்தது. காலையில் தேத்தண்ணி மட்டும்தான். ஆசிரியர் அறையில் என் சுவெட்டரைப் போட்டுவிட்டுச் சூடாகக் கொத்தமல்லித் தண்ணி கொடுத்ததும் ஒரு மணித்தியாலத்தில் முகம் தெளிந்தது. "சுவெட்டரை நாளைக்குக் கொண்டுவாறேன் டீச்சர்" என்றாள். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன். இப்படியான நாட்களில் பாடசாலையை ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கவும், சீருடைக்கு மேலே எந்த நிறச் சுவெட்டரும் போட்டு வரவும் அனுமதி வேண்டும். அதிபர் மனிதத் தன்மையோடு நடந்துகொண்டார், ஆனால் அவருக்கும் கையில் ஒரு கடிதம் இருந்தால்தான் தைரியம்.

லயங்களைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. தகரக் கூரையில் இரவில் நீர்த்துளி கோத்து விடியவிடியப் படுக்கையில் சொட்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். வெளியே தூறலும் உள்ளே சொட்டுமாகத்தான் அந்த எட்டு இரவும் போயின. டித்வா சூறாவளி 2025 நவம்பர் கடைசியில் மலையை உருக்கிக் கொண்டுபோன பிறகு, பக்கத்து டிவிசனில் நாலு குடும்பம் சொந்தக்காரர்களின் காம்பராவில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒன்பது பேர். சூட்டுக்காக என்று கரியை மூட்டி உள்ளே கொண்டுவந்து கதவை அடைத்திருந்தார்கள். நல்லவேளை, போய்ப் பார்த்த நேரத்தில் கதவைத் திறக்க வைத்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். குளிர் எச்சரிக்கை ஒன்று வந்தால் அதில் முதல் அறிவுரையாக இதைப் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழில் போடுங்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். டித்வா நேரத்தில் தமிழ் அறிவித்தல்கள் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்று அப்போதே பலரும் எழுதினார்கள். எங்கள் தோட்டத்துக்குக் கீழே லீக்ஸும் கரட்டும் போடுகிற சிங்கள மாத்தயா ஒருவர் இருக்கிறார். தன் போனுக்கு எது வந்தாலும் மேலே ஏறி வந்து என் தம்பியிடம் வாசித்துச் சொல்லிவிட்டுப் போவார். இந்தக் குளிரில் அவருடைய உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்து பாதிப் பாத்தி போய்விட்டது, அந்தக் கவலையிலும் எங்கள் லயத்துக்கு ஒரு மூட்டை காய்ந்த விறகு கொண்டுவந்து போட்டார். அவருடைய நல்ல மனம் எங்களுக்கு என்றும் வேண்டும். ஆனால் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு லயத்துக்குச் செய்தி வந்து சேர்வது ஒரு மனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

செய்தி வந்து சேர வழி எங்களிடமே இருக்கிறது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு எழுப்புவார்களாம். இப்போது ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோவிலில் ஒலிபெருக்கி இருக்கிறது. சாவுச் செய்தி, தண்ணீர் நிறுத்தம், கிளினிக் நாள் எல்லாம் அதில்தான் சொல்கிறோம். பின்னேரம் நாலு மணிக்குள் தமிழில் நாலு வரி அனுப்பினால், ஆறு மணிப் பூசைக்கு முன்னால் எல்லா லயத்துக்கும் கேட்கும்: இன்றைக்கு இரவு ஈரக் குளிர், கரியை உள்ளே மூட்டாதீர்கள், பச்சைக் குழந்தைகளை நெஞ்சோடு வையுங்கள், நாளைக்குப் பெரட்டு ஏழரைக்கு. எங்கள் கோவில் தலைவரிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம்.

இன்னும் ஒன்று. அந்த எட்டு நாளில் எங்கள் தோட்டத்தில் இரண்டு பெரியவர்கள் இறந்தார்கள். ஒருவருக்கு எழுபத்தொன்பது வயது, மற்றவருக்கு எண்பத்து மூன்று. இரண்டு பேருக்கும் நெஞ்சுச் சளி இருந்தது. வயது போனவர்கள், வருத்தம் இருந்தது, போய்விட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். குளிர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அந்த அறிவு இல்லை. ஆனால் அதைப் பார்க்கிறவர்களும் யாரும் இல்லை. குளிர் கிழமையில் மலையகத்தில் எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் உடம்பு குளிர்ந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர்களின் புத்தகத்தையும் மரணப் பதிவையும் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி ஒரு தடவை பார்த்துவிட்டால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

ஒன்பதாம் நாள் காலை எட்டரைக்கு வெயில் வந்தது. லயத்தில் இருந்த அத்தனை கம்பளியும் பாயும் துணியும் ஐந்து நிமிடத்தில் கொடியிலும் வேலியிலும் தேயிலை வரிசை மேலும் வந்து விழுந்தன. அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் வெயிலுக்கு நீட்டி விரித்து வைத்திருந்தார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை. மத்தியானம் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

தரம் 9 பிள்ளைகள் குறித்த நோட்டுப் புத்தகத்தின் பிரதியை இந்த மடலோடு மூன்று காரியாலயங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் நாளில் தொடங்கி எட்டாம் நாள் வரை, மூன்று இடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒரு நாள் பகல் கீழ்க்கணக்கில் குறிக்க மறந்துவிட்டார்கள், அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, நாங்கள் நிரப்பவில்லை. வெப்பமானிகளை இன்னும் கழற்றவில்லை. பிள்ளைகள் தொடர்ந்து குறிக்கிறார்கள். உங்கள் அதிகாரி ஒருவர் வந்து, வெப்பமானியை எப்படிச் சரியாக வைப்பது, காற்றின் வேகத்தை எப்படி அளப்பது என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால், மேல்கணக்கின் காலைக் கணக்கை ஆறரை மணிக்குள் தினமும் உங்களுக்கு அனுப்ப அவர்கள் தயாராக இருக்கிறார்கள். விடுமுறையிலும் அனுப்புவார்கள், கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை ஒருவர்